கூட்டிலிருந்து விலகிய கடைகளும் ஒரு கிழிந்த படங்கும்

போன கிழமை எங்கள் வெள்ளவத்தைச் சங்கத்தின் புதிய செயலாளர் தங்கச்சி எனக்குத் தொலைபேசி எடுத்தார். சங்க அறையின் அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய படங்கு மடித்துக் கிடக்கிறதாம். லொறியில் மூட்டைகளுக்கு மேல் போர்த்துகிற கன்வஸ் படங்கு. ஒரு மூலை கிழிந்திருக்கிறதாம். தைக்கக் கொடுப்பதா, எறிந்துவிடுவதா என்று கேட்டார். நல்ல நிர்வாகிகள் வேலைக்கு வந்த முதல் மாதத்தில் இப்படித்தான் எதையாவது ஒழுங்குபடுத்துவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் சங்கத்துக்குப் பெரிய நட்டம் எதுவும் வரவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

“ரெண்டும் வேண்டாம், எழுதி அனுப்புறன்” என்று சொன்னேன். கடைக்காரர் சங்கங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும். கணக்கெழுதுவது, கூட்டம் கூட்டுவது எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்த சில நாளில் வந்துவிடும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு சங்கங்கள் கிடையாது. ஒன்றுதான். வெள்ளவத்தை, மாளிகாவத்தை, தெமட்டகொடை, நுகேகொடை ஆகிய நான்கு இடத்துப் பலசரக்குக் கடைக்காரர்களும் சேர்ந்து சீனி, பருப்பு, செத்தல் மிளகாய், டின்மீன் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கினார்கள். கொட்டாஞ்சேனையில் பொதுவாக ஒரு ஸ்டோர், பொதுவாக ஒரு லொறி. அந்த ஏற்பாட்டை எல்லோரும் ‘கூட்டு’ என்றார்கள். எனக்கு மூன்று பாஷையும் தட்டச்சும் தெரியும் என்பதால் என்னை எடுத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை எல்லோருக்கும் நான் ‘மிஸ்’. இடையில் கலியாணம் முடித்ததையும் பேரப்பிள்ளைகள் பிறந்ததையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கூட்டின் தலைவர் நுகேகொடைச் சோமபால முதலாளி. பருத்த மனிதர், எதற்கும் அவசரப்படமாட்டார். வெள்ளவத்தைக்கு நடராசா முதலாளி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கடை போட்டவர், எல்லாவற்றுக்கும் அவசரப்படுவார். மாளிகாவத்தை நஸீர் ஹாஜியார் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தேத்தண்ணீர் ஊற்றுவார். கூட்டம் கெட்டுப்போகிறது என்று தெரிந்தால் சீனியைக் கொஞ்சம் கூடப் போடுவார்.

நாட்டில் அப்போது யுத்தம். அந்தக் காலத்தில் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளவத்தைக் கடைகளில் வேலை செய்கிற தமிழ்ப் பொடியன் யாரையாவது சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனால், வெள்ளவத்தைக்காரர் பொலிஸுக்குப் போகமாட்டார்கள். சோமபால முதலாளிதான் போவார். வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு போய், “இவன் எங்கட ஆள்” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வருவார். தமிழனுக்குத் தமிழன் சொல்லப்போனால் இரண்டு பேரையும் உள்ளே வைத்துவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இது எந்தக் கூட்டத்திலும் முடிவெடுத்து வந்த வழக்கமல்ல. ஒருமுறை போனார், பிறகு போய்க்கொண்டே இருந்தார்.

இப்படி இருந்த கூட்டு எதனால் உடைந்தது என்று கேட்டால் இப்போது பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். மானம் என்பார்கள், உரிமை என்பார்கள். நான் அங்கே இருந்தேன். நல்லெண்ணெய்யால் உடைந்தது.

வடக்கிலிருந்து சனம் வந்து வெள்ளவத்தை லொட்ஜுகளில் நிறைந்திருந்த நேரம். அவர்களுக்கு நல்லெண்ணெய் வேண்டும், புழுங்கலரிசி வேண்டும். கூட்டுப் பணத்தில் நல்லெண்ணெய் வாங்கவேண்டும் என்று நடராசா முதலாளி கேட்டார். வாக்கெடுத்தார்கள். இடத்துக்கு ஒரு வாக்கு. ஒன்றுக்கு மூன்று. அதோடு விட்டிருக்கலாம். சோமபால முதலாளி, “தலைக்கு வைக்கிற எண்ணெய்யைச் சாப்பாட்டுச் சாமான் கடையில் ஏன் விற்கவேண்டும்?” என்று கேட்டுவிட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். நடராசா முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

“பிள்ளை, எழுது. வெள்ளவத்தை விலகுது” என்றார் என்னிடம்.

நான் எழுதினேன். அவசரப்படாமல் எழுதினேன், இடையில் யாராவது சமாதானம் பேசுவார்கள் என்று. ஹாஜியார் சீனிப் போத்தலைத் திறந்தார். அதற்குள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள்.

விலகுவது ஒரு நிமிட வேலை. பிரிப்பதுதான் மாதக்கணக்கில் இழுத்தது. லொறி கூட்டுக்கு. சாரதி மாரிமுத்து வெள்ளவத்தைக்கு, அவருக்குச் சம்பளம் கொடுத்தது நடராசா முதலாளி என்பதால். தட்டச்சு யந்திரத்தோடு நானும் வெள்ளவத்தைக்கு. தராசு கூட்டுக்கு, படிக்கற்கள் எங்களுக்கு. இதை யார் யோசித்துப் பிரித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஸ்டோரின் வாடகைச் சீட்டு நடராசா முதலாளியின் பெயரில் இருந்ததால் அதை விடவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. நடுவில் ஒரு கயிறு கட்டினார்கள். இந்தப் பக்கம் எங்கள் மூட்டை, அந்தப் பக்கம் கூட்டின் மூட்டை. எலிகள் இரண்டு பக்கமும் சாப்பிட்டன.

வாடகைக்குப் பிடித்த லொறியில் எங்கள் முதல் சீனி மூட்டைகளை ஏற்றிய அன்று மழை பிடித்துக்கொண்டது. லொறிக்காரனிடம் போர்த்த ஒன்றும் இல்லை. சோமபால முதலாளி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூட்டின் பெரிய படங்கைக் கயிற்றுக்கு மேலால் எறிந்தார். “கடன் இல்லை, கொடை இல்லை. எங்கள் படங்கு, நீங்கள் பாவியுங்கள்” என்றார். நான் அதையும் பிரிந்ததற்கு எழுதிய உடன்படிக்கையில் ஒரு வரியாகத் தட்டச்சு செய்தேன்: படங்குக்கு ஏதாவது நேர்ந்தால் கூட்டுக்கு அறிவிக்க வேண்டும்.

பொலிஸுக்குப் போகிற வழக்கத்தைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. நான் கேட்டேன். “உதெல்லாம் எழுதுற விசயமே, பிள்ளை?” என்று நடராசா முதலாளி என் வாயை அடைத்துவிட்டார். ஒன்றை எழுதவேண்டாம் என்று ஒருவர் இவ்வளவு வேகமாகச் சொன்னால் அதுதான் முக்கியமான விஷயம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுதாவிட்டாலும் பரவாயில்லை, மறக்காமல் இருங்கள்.

அதன்பிறகு இரண்டு தரப்பும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டன. மரியாதை என்று நான் சொல்வது, ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. முன்பு ஸ்டோர் வாசலில் நேரே உள்ளே போன நாங்கள் வாடகை லொறியோடு வெளியாரின் வரிசையில் நின்றோம். வாசலில் எங்களை, “நீங்க கூட்டா?” என்று கேட்பார்கள், தெரிந்துகொண்டே. நடராசா முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. மாரிமுத்துவைக் கூப்பிட்டு, “ஆர் கேட்டாலும் கூட்டுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையெண்டு சொல்லு. ஆர் கேட்டாலும்” என்று சொல்லிவைத்தார்.

மாரிமுத்து ஹட்டன் பக்கத்து மனிதர். சொன்னதைச் சொன்னபடி செய்வார். இந்தக் குணம் உள்ளவர்களிடம் எதையும் யோசித்துச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் காலை தெமட்டகொடைச் சோதனைச்சாவடியில் அவர் ஓட்டிய லொறியை நிறுத்தினார்கள். எண்ணெய் டின்களைப் பார்த்துவிட்டு யாருடைய சாமான் என்று கேட்டார்கள். வெள்ளவத்தைக் கடைகளுடையது என்றார். கூட்டுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும், கேட்காமலே, நல்ல சிங்களத்தில் சொன்னார். அவருக்குப் பின்னால் மூட்டைகளின் மேல் படங்கு. படங்கில் கூட்டின் பெயர், மூன்று பாஷையிலும், ஆள் உயர எழுத்தில்.

அவரையும் லொறியையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

செய்தி கொண்டுவந்தது அவருடைய மனைவி செல்லம்மா. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வந்து சங்க அறை வாசலில் நின்றார். அழவில்லை. “மிஸ், எங்க வூட்டு ஆள புடிச்சி வச்சிருக்காங்க. பொழுது சாய்ஞ்சா வேற எடத்துக்கு ஏத்திருவாங்களாம். அங்கிட்டு போனவங்கள எங்கேன்னு தேடுறது மிஸ்?” என்றார்.

அவர் சொன்னது சரி. பொலிஸ் நிலையத்தில் இருக்கும்வரை ஒரு ஆளை இன்ன இடத்தில் இருக்கிறார் என்று சொல்லலாம். அதற்கப்பால் அப்படிச் சொல்ல முடியாமல் போன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருந்தன. பொழுது சாய எவ்வளவு நேரம் என்று சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

நடராசா முதலாளி சட்டையை மாட்டினார். “நான் போறன்” என்றார்.

“நீங்கள் போனால் ரெண்டு பேர்” என்றேன். “உங்கட அடையாள அட்டையில என்ன ஊர் போட்டிருக்கு?”

அவர் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றவில்லை. “சோமபாலவைக் கேக்கச் சொல்லாதை பிள்ளை. விலகின பிறகு போய்க் கையேந்தேலாது. எண்ணெய்யைத் தலைக்கு வைக்கச் சொல்லுவான்.”

செல்லம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய்க்கும் தன் புருஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் விளங்கவில்லை. கோபம்தான் வந்தது. முதலாளி என்றுகூடப் பார்க்காமல் ஏதாவது சொல்லியிருப்பேன். சொன்னால் அவர் பிடிவாதம் கூடும், பொழுது போகும். ஆகவே வாயை மூடிக்கொண்டு உடன்படிக்கையை மனதுக்குள் மேலிருந்து கீழே ஓட்டினேன். கடைசிப் பகுதியில் படங்கு வந்தது.

“ஐயா, கூட்டின்ர படங்கு பொலிஸில கிடக்குது. உடன்படிக்கைப்படி அதை அறிவிக்க வேணும்” என்றேன்.

அவர் முகட்டைப் பார்த்தார். “படங்கு அவையின்ரைதானே. அறிவிக்கத்தான் வேணும்” என்றார்.

நான் அழைத்தபோது சோமபால முதலாளியே தொலைபேசியை எடுத்தார். நாங்கள் கதைத்தது சிங்களத்தில், தமிழில் தருகிறேன்.

“முதலாளி, கூட்டின் படங்கு தெமட்டகொடைப் பக்கப் பொலிஸில் இருக்கிறது. அறிவிக்கிறேன்.”

“படங்கோடு யார்?”

“மாரிமுத்து.”

“நனைகிறதா?”

“இல்லை. வெயிலில் கிடக்கிறது.”

“வெயிலில் கிடந்தால் வெடித்துவிடும். வாசலுக்கு வா, காரை எடுத்துக்கொண்டு வருகிறேன்.”

காரில் வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஏன் என்னையும் ஏற்றிக்கொண்டார் என்று கேட்டேன். “படங்கைப் பற்றி அறிவித்தவள் நீ. அறிவித்தவர் வரவேண்டாமா?” என்றார். ஒரு தமிழ்ப் பெண் தானாகப் பொலிஸ் நிலையத்துக்குள் நடந்துபோவது அந்த நாட்களில் புத்தியுள்ள காரியமல்ல. பயந்துகொண்டுதான் போனேன்.

மாரிமுத்து ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை, பெனியன் மட்டும். முற்றத்தில் லொறி. சோமபால முதலாளி மேசைக்கு முன்னால் போய் வழக்கமான வசனத்தைச் சொன்னார்: “இது எங்கள் படங்கு. இவன் எங்கள் ஆள்.”

பொறுப்பதிகாரி கெட்ட மனிதராகத் தெரியவில்லை. களைத்த மனிதராகத் தெரிந்தார். “அவன் சம்பந்தமில்லை என்கிறானே” என்றார். வாங்கைப் பார்த்து, “டேய், இந்த முதலாளியை உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

மாரிமுத்து என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஒரு கொன்ஸ்டபிள் நின்றதால் நான் தலையையும் அசைக்கவில்லை, கண்ணையும் அசைக்கவில்லை. அவர் யோசித்தார். அவருடைய முதலாளி சொல்லிவைத்தது நினைவுக்கு வருவது முகத்திலேயே தெரிந்தது.

“தெரியும் சேர். கூட்டு முதலாளி. ஆனால் நாங்கள் விலகிவிட்டோம். ஒரு சம்பந்தமும் இல்லை” என்றார்.

அதிகாரி பேனையைத் திரும்ப எடுத்தார். செல்லம்மாவுக்கு என்ன சொல்லப்போகிறேன் என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

சோமபால முதலாளி முற்றத்தில் இறங்கி லொறியருகே போனார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். படங்கின் மூலையைத் தூக்கிப் பார்த்தார். அது கிழிந்திருந்தது. சாக்குநூலால் நாலு தையல் போட்டு, அதுவும் அவிழ்ந்து தொங்கியது. அவர் எதற்கும் அவசரப்படாத மனிதர் என்று சொன்னேன் அல்லவா? அங்கிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

“யாரடா இதைக் கிழித்தது?”

மாரிமுத்து எழுந்துவிட்டார். “தரும்போதே கிழிந்திருந்தது முதலாளி. கிழிந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கு எறிந்தீர்கள்.”

“பொய். உன் கலியாணத்துக்கு இதைத்தானே பந்தலாகக் கட்டினோம். அன்றைக்குக் கிழியவில்லையே.”

“அன்றைக்குத்தான் கிழிந்தது. உங்கள் மச்சான் குடித்துவிட்டு வந்து கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். நான் புது மாப்பிள்ளை, வாயைத் திறக்க முடியுமா?”

“என் மச்சானைப் பற்றிப் பேசாதே. உன் மாமியார் போட்ட சோறு வேகவில்லை, அதையே நான் இதுவரை சொல்லவில்லை.”

நான் இடையில் புகுந்து நிறுத்தப் பார்த்தேன். சண்டையை நிறுத்துவதுதான் செயலாளரின் வேலை என்று அதுவரை நம்பியிருந்தேன். அப்போது அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வேலைக் காலத்தில் நான் செய்த மிகச் சரியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒன்றும் செய்யவில்லை.

சண்டை மாமியாரின் சோற்றிலிருந்து திரும்பவும் படங்குக்கு வந்தபோது அதிகாரி மேசையைத் தட்டினார். “போதும். சம்பந்தமில்லாத ஆட்கள் இப்படிச் சண்டை போடமாட்டார்கள். இரண்டு பேரும் வெளியே போய் மிச்சத்தைப் பேசுங்கள்” என்றார்.

லொறியோடு, டின்களோடு, மாரிமுத்துவோடு பொழுது சாய முன்பே வெள்ளவத்தைக்கு வந்தோம். செல்லம்மா வாசலிலேயே நின்றார். அவரைக் கண்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைத் தேற்றினார்.

வெள்ளவத்தை திரும்பவும் கூட்டில் சேர்ந்ததா என்று கேட்பீர்கள். சேரவில்லை. மறுநாள் நடராசா முதலாளி படங்கைக் கழுவிக் காயவைத்து, நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினார். சோமபால முதலாளி ஏற்கவில்லை. கிழித்தவர்கள் தைத்துத் தரட்டும் என்றார். உங்கள் மச்சான் கிழித்தது, நீங்கள்தான் தைக்க வேண்டும் என்று இவர் சொல்லியனுப்பினார். இதைத் தீர்ப்பதற்கு ஹாஜியார் கடையின் பின்னறையில் ஒரு கூட்டம் வைத்தோம். தீரவில்லை. அடுத்த மாதமும் வைத்தோம்.

“இத தச்சிட்டா பொறகு நாம எதுக்கு மிஸ் கூடுற?” என்று ஹாஜியார் தேத்தண்ணீர் ஊற்றும்போது என் காதோடு சொன்னார். வியாபாரத் தொடர்பே இல்லாத இரண்டு சங்கங்கள் ஒரு படங்கைப் பற்றிக் கதைக்க மாதாமாதம் கூடின. படங்குக்கு முன்னால் சும்மா நேரம் போக்க வேறு விஷயங்களும் கதைத்தார்கள். வாசலில் வரிசை போனது அப்படித்தான். ஸ்டோரின் நடுவில் கட்டிய கயிறு ஒரு நாள் எதையோ கட்டுவதற்குத் தேவைப்பட்டது, அவிழ்த்தார்கள், திரும்பக் கட்ட ஒருவருக்கும் நினைவில்லை.

பிறகு தெற்கிலும் குழப்பம் வந்தது; தமிழருக்கு எதையும் கொடுக்கக்கூடாது என்று சொன்ன சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். அந்த வருடங்களில் சிங்களப் பொடியன்களைத் தேடித்தேடிப் பிடித்தார்கள். படித்த பொடியன்கள் என்றால் இன்னும் கூட. ஆற்றில் வருவதையும் தெருவோரத்தில் கிடப்பதையும் பற்றிச் சனம் தாழ்ந்த குரலில்தான் கதைத்தது.

ஒரு முற்பகல் தொலைபேசி அடித்தது. சோமபால முதலாளி. குரலை அடையாளம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

“மிஸ், படங்கு இங்கே பொலிஸில் இருக்கிறது” என்றார்.

படங்கு என் முன்னால், சுவரோரம் மடித்துக் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“படங்கோடு யார்?”

“என் மகன்.”

அவருடைய மகன் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தான். நான் நடராசா முதலாளியிடம் திரும்பிச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் மாற்றிக்கொண்டு வந்தார். படங்கைத் தூக்கித் தோளில் போட்டார். பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்துபோனார்.

“ஐயா, உங்கட அட்டை” என்றேன்.

“தெரியும் பிள்ளை. இண்டைக்கு அதுதான் நல்லது” என்றார்.

அவர் சொன்னது பிறகுதான் எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கடைக்காரனோடு இவ்வளவு ஒட்டாக இருக்கிற சிங்களப் பொடியன் தாங்கள் தேடுகிற ஆளாக இருக்கமாட்டான் என்பது அங்கிருந்த அதிகாரியின் கணக்கு. ஆனால் அதற்கு முன்பு நடராசா முதலாளியையும் விசாரித்தார்கள். மத்தியானம் போனவர் பின்னேரம்வரை வரவில்லை. நான் அலுவலகத்தைப் பூட்டவில்லை. மாரிமுத்து லொறியைத் திருப்பி நிறுத்திவிட்டு வாசற்படியில் இருந்தார்.

வந்தார்கள். சோமபால முதலாளியின் காரில் மூன்று பேரும் வந்தார்கள். பொடியனின் உதடு வீங்கியிருந்தது, மற்றபடி நடந்து வந்தான். சோமபால முதலாளி என் மேசைக்கு முன்னால் வந்தார். அந்தப் பருத்த மனிதர் கதிரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நடராசா முதலாளி படங்கைச் சுவரோரம் போட்டார்.

“உள்ளுக்கு என்ன கேட்டவங்கள்?” என்றேன்.

“நீங்கள் விலகின ஆக்களெல்லோ, பிறகேன் வந்தனீர் எண்டு கேட்டாங்கள்.”

“என்ன சொன்னீங்கள்?”

“படங்கு இன்னும் தைச்சு முடியேல்ல, அதுதான் வந்தனான் எண்டன்.”

முதலாளிமார் இருவரும் இப்போது இல்லை. அந்தப் பொடியன்தான் இன்று கூட்டின் தலைவர், தங்கச்சி. அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு எதிரே உட்காருவார். கடைசி விஷயமாகப் படங்கு வரும். எப்போது தைத்துத் தருவீர்கள் என்று கேட்பார், கடுமையாகத்தான் கேட்பார். நீங்களும் கடுமையாகவே, கிழித்தது உங்கள் ஆள் என்று சொல்லுங்கள்.

தைக்க வேண்டாம். எலி ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.